இரண்டு ஹெல்மெட் பீன்ஸ்

இல்லை, அப்பா அழவில்லை. அது புகை.

வேன்காரர் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பார். "உங்க அப்பா கண்ணு கலங்கிப்போய் நிக்கிறாரு தம்பி, நானே பாத்தேன்" என்று. அவர் நம் வாசலில் நின்றது உண்மை. அப்பாவின் கண்ணில் தண்ணீர் இருந்ததும் உண்மை. காரணம் புகை. வீடு முழுக்கப் புகை. மேற்கொண்டு படி.

முறைப்படி ஆரம்பிக்காதது தப்பு. இதோ ஆரம்பிக்கிறேன்.

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்கு, தங்கை எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம். அப்பா அறுபத்தெட்டு கிலோ நானூறு. நான் ஐம்பத்திரண்டு. அம்மா எடை மிஷினில் ஏற மறுத்துவிட்டாள், ஏறாமலே சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் எடையோடு எழுதச் சொன்னார் அப்பா. இல்லை, அப்படிச் சொல்லவில்லை. "மலையைக் குடையறவங்களுக்குச் சோறு போடறவன், அவன் சாப்பிடறானா இல்லையா" என்று செய்தித்தாளைப் பார்த்துக் கேட்டார். செய்தித்தாளில் அந்தச் செய்தி இல்லை.

உன் பார்சல் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. நீ சமைக்கிற சுரங்க முகாமுக்குச் சாமான் வாங்க வருகிற வேன்தான் நமக்குத் தபால்காரர், தொலைபேசி, எல்லாம். உள்ளே ஒரு கயிறு சாசேஜ். துணியில் சுற்றிய புகை போட்ட கறி. ஒரு தாள். தாளின் முன்பக்கம் சமையல் குறிப்பு. பின்பக்கம் ஐந்து வரி: பதினெட்டாம் தேதியிலிருந்து ஆறு நாள் லீவு. வரட்டுமா? இதைச் சமைத்து அப்பாவுக்குக் கொடு, சாப்பிட்டுவிட்டு என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுது. வேண்டாம் என்றால் மலைக்கு அந்தப் பக்கத்து முகாமுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இரண்டு வருஷம்.

இரண்டு வருஷம் என்ற இடத்தை அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் இரண்டு வருஷமாகவே இருந்தது. ஏற்கெனவே மூன்று ஆகிவிட்டது. அதை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

இப்போது திங்கட்கிழமை, மணி இரண்டரை. வேன் நாலுக்குக் கிளம்புகிறது. அப்பா கடைவரை போயிருக்கிறார். திரும்பி வந்ததும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பதில் அவருடையதாம், கையெழுத்து மட்டும் என்னுடையது. அதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் பழையது. உனக்குத் தெரியாததில்லை. எழுதினால் சின்னதாகுமா என்று பார்க்கிறேன். அப்பா ரிட்டயர் ஆன வாரம், வீட்டில் விருந்து. எடை அளவுத் துறை ஆட்கள் பதினொரு பேர். ஊரில் உள்ள ஒவ்வொரு தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைத்துவிட்டு ஓய்ந்தவர்கள். நீ சமைத்தாய். அவர்கள் முன்னால் உப்பு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாய். அப்பா "ஸ்பூன்" என்றார். நீ, "உங்க தராசுல ருசி நிக்காதுப்பா" என்றாய். பதினொரு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர்கள் போன பிறகு சொன்னார்: "உப்பைக் கையால அள்ளிப் போடறவனுக்கு இந்த வீட்டில சோறு கிடையாது." மறுநாள் உன் செருப்பு இல்லை.

ஒரு பிடி. நாற்பது கிராம் இருக்குமா? எழுதியும் சின்னதாகவில்லை.

சனிக்கிழமை. நான் குறிப்பை வாசித்தேன். அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறவர் மாதிரி. தூங்குகிறவருக்குக் கால் கட்டைவிரல் ஆடாது.

நீ எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். இது எந்த ஊர்ச் சமையலும் இல்லை. பாறையில் துளை போடுகிற மிஷின்காரர் குளிர்ப் பிரதேசத்து ஆள், புகை போட்ட கறி இல்லாவிட்டால் முகம் தொங்கிப்போகும். ஸ்டோர் பார்க்கிறவருக்கு சாசேஜ். வயரிங் ஆளுக்குப் பூண்டும் மிளகாயும். சர்வேயருக்குப் புளி. ஒவ்வொருவரும் தினமும் தட்டை நீட்டும்போது தன் வீட்டைக் கேட்கிறார்கள், இருப்பது ஒரே அண்டா, அதனால் எல்லார் வீட்டையும் அதிலேயே போட்டுவிட்டேன். அளவு அறுபது பேருக்கு.

"வகுத்துக்கோ" என்றது நாற்காலி.

"எதாலப்பா?"

"வீட்டில எத்தனை பேரு?"

"மூணு."

"அறுபதை மூணால வகு. இருபது. எல்லாத்திலயும் இருபதுல ஒரு பங்கு. இதுக்கு யுனிவர்சிட்டிக்குப் போகணுமா?"

என் ஆராய்ச்சி மூன்றாவது அத்தியாயத்தில் நிற்பது பற்றிய குத்தல் இது. கடந்து வாசித்தேன். "சிவப்பு பீன்ஸ், காய்ந்தது: இரண்டு ஹெல்மெட்."

கட்டைவிரல் நின்றது.

"என்னது?"

"ஹெல்மெட்ப்பா. ரெண்டு."

"அளவு கேட்டா ஹெல்மெட்டுங்கறான்." கண்ணைத் திறந்தார். "அதுல முத்திரை இருக்கா?"

"அதை எழுதலப்பா."

"எப்படி எழுதுவான்? முத்திரையில்லாத அளவைய வெச்சு அறுபது பேரு வாயில போடறான். மூணு வருஷமா! ஒரு இன்ஸ்பெக்டர் போய்ப் பாத்ததில்ல." எழுந்துவிட்டார். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் இவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி புருவத்தைத் தூக்கினாள்.

அதற்கப்புறம் நடந்ததை மூச்சு விடாமல் எழுதிவிடுகிறேன், நிறுத்தினால் எனக்கே நம்ப முடியாது: அப்பா கீழ்வீட்டுக் கூரியர்காரரின் கதவைத் தட்டி, அரை மணி நேரத்தில் தருகிறேன் என்று சொல்லி அவருடைய ஹெல்மெட்டை வாங்கி, உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு மெத்தையை அவர் கண் முன்னாலேயே பிய்த்து அவர் கையிலேயே கொடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றி அளக்கலாமென்று குளியலறைக்குக் கொண்டுபோய், தண்ணீர் முகக் கண்ணாடி இடுக்கு வழியாக அவர் வேட்டியிலேயே இறங்கியதும், பீன்ஸைப் பீன்ஸாலேதான் அளக்க வேண்டும் என்று முடிவுகட்டி, ஈர வேட்டியோடு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனார், பின்னால் நான், என் பின்னால் கையில் பஞ்சு மெத்தையோடு கூரியர்காரர், "சார், எனக்கு டெலிவரி இருக்கு சார்" என்று கூவிக்கொண்டே, அங்கே அப்பாவைத் தூரத்தில் பார்த்த கடைக்காரர், இரண்டு முறை அப்பாவிடம் தராசைப் பறிகொடுத்தவர் இல்லையா, கையிலிருந்த பொட்டலத்தைப் போட்டுவிட்டுத் தராசின் தட்டை வேட்டி நுனியால் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

"ரிட்டயர் ஆயாச்சுன்னு சொன்னாங்களே சார்."

"ஆயாச்சு. இதை ரொப்புங்க."

"ஹெல்மெட்டயா?"

"தலை தட்டி. கோபுரமா வேண்டாம்."

அப்பா முகக் கண்ணாடியை மூடிப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் கொட்டினார். இருந்த பீன்ஸ் மூட்டையில் பாதி உள்ளே போனது. வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்றார்கள். ஒரு பெரியவர், "போட்டியா வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். எடை போட்டார்கள். தராசு சரியாக இருக்கிறதா என்று அப்பா முதலில் வெறும் தட்டோடு பார்த்தார், பழக்கம். ஹெல்மெட்டின் எடையைக் கழித்து ஆறு கிலோ நூற்றிருபது கிராம். இரண்டு ஹெல்மெட், பன்னிரண்டு கிலோ இருநூற்று நாற்பது. இருபதில் ஒரு பங்கு, அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.

"அறுநூறு போடட்டுங்களா சார்?"

அப்பா அவரைப் பார்த்தார். கடைக்காரர் ஒவ்வொரு பீன்ஸாகப் போட ஆரம்பித்தார். பன்னிரண்டாவது கிராமில் ஒரு கொட்டையைப் போட்டு, எடுத்து, அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடிப் போட்டார். இவ்வளவு துல்லியமாக வாங்கிய பீன்ஸ் இந்த உலகத்தில் வேறு வீட்டில் ஊறியிருக்காது.

ஊறியது. ஞாயிறு காலை அம்மா மூடியைத் திறந்தாள். மூடி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பாத்திரம் நிறைந்து, வழிந்து, மேடையில் ஏழெட்டு, தரையில் நாலு. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க."

"ம்."

"சுரங்கத்துல அவன் என்ன பைக்கா ஓட்டறான்?"

அப்பா குனிந்து தரையில் கிடந்த நாலையும் பொறுக்கினார்.

"அவங்க போடறது தொப்பி மாதிரி இருக்கும்ல. மஞ்சளா. இதுல பாதிதான் பிடிக்கும்."

முப்பத்தொரு வருஷ அனுபவம் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தது. பிறகு சொன்னது: "எந்த ஹெல்மெட்டுன்னு அவன் குறிப்பிடல. தப்பு அவன் பேர்ல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நான் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

அடுத்தது சாசேஜ். "இருபது முழம், என் கையால்" என்று எழுதியிருந்தாய். இருபதில் ஒரு பங்கு ஒரு முழம். சுலபம் என்று நான் என் கையை நீட்டினேன். "உன் முழத்தை யாரு கேட்டா?" என்றார் அப்பா. தன் கையை நீட்டினார். மடக்கிக்கொண்டார். சாசேஜ் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனார். துணி அலமாரியைத் திறக்கிற சத்தம்.

உனக்கு நினைவிருக்கும். கதவின் உள்பக்கம், பென்சிலால் இரண்டு கோடு. முழம் என்ற அளவை ஏன் சட்டம் ஒழித்தது என்று உனக்குப் புரிய வைக்க, உன் கையையும் அவர் கையையும் அங்கே வைத்துக் கோடு போட்டார். "பாரு, ஆளுக்கு ஆள் மாறும். இதை நம்பித் துணி வாங்கினா ஏமாந்து போவே." உன் கோடு அவருடையதைவிட முக்கால் அங்குலம் நீளம். அதைச் சொல்லிச் சொல்லியே நீ ஒரு வாரம் அவரை ஓட்டினாய். அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு மாறினபோது அலமாரியை விற்றுவிடலாம் என்றாள் அம்மா, கதவு சரியாக மூடாது. அப்பா கேட்கவில்லை. நல்ல மரமாம். அது மரமே இல்லை அண்ணா, அழுத்தின தூள்.

அந்தக் கோட்டில் வைத்து அளந்து கொண்டுவந்தார். உன் முழம். நேரமெடுத்தது.

பிறகுதான் புகை. வெங்காயம், பூண்டு, மிளகாய் எல்லாம் ஒழுங்காக வதங்கின. "கறியைத் துண்டு போட்டுப் பொன்னிறமாகும்வரை வறுக்கவும்" என்று வாசித்தேன். "எந்தப் பொன்?" என்றார் அப்பா. நான் சாதாரணப் பொன் என்றேன். பொன்னில் சாதாரணம் கிடையாது, பதினெட்டு கேரட் வேற, இருபத்திரண்டு கேரட் வேற, நிறமும் வேற, அதனால்தான் உரைத்துப் பார்க்கிறார்கள் என்று அவர் சொல்ல, அம்மா தன் மோதிரத்தைக் கழற்றிக் கறிக்குப் பக்கத்தில் பிடித்து, "இந்த மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்" என்று சொல்ல, அந்த மோதிரத்தைப் பற்றி அப்பாவுக்கு முப்பத்து நாலு வருஷமாக இருக்கிற சந்தேகத்தை அவர் அப்போது வெளியிட, அது அம்மாவைப் பெற்ற நம் தாத்தாவின் நேர்மை வரை போய்த் திரும்புவதற்குள் கறி பொன்னையெல்லாம் தாண்டிப்போய்விட்டது. ஏற்கெனவே ஒரு தடவை புகைந்த கறி அது. இரண்டாவது தடவை சந்தோஷமாகப் புகைந்தது. கீழே கூரியர்காரர் தீப்பிடித்துவிட்டது என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். கூடத்தில் நின்று குனிந்தபோது காதுப் பக்கத்திலிருந்து ஒரு பீன்ஸ் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வாளியோடு இறங்கிப் போனார்.

கருகினதை அம்மா பொறுக்கி எடுத்தாள். மீதியைப் போட்டோம். பீன்ஸ், சாசேஜ், தண்ணீர். நம் பெரிய பாத்திரம் போதாமல் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் தளதளவென்று கொதித்தன. அப்போது ஒரு வாசனை வந்தது அண்ணா. நம் வீட்டு வாசனை இல்லை. எந்த வீட்டு வாசனையும் இல்லை. நீ இப்போது இருக்கிற இடத்தின் வாசனை. மூன்று வருஷமாக அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாறை, டீசல், ஈரம் என்று ஏதோ. பூண்டும் புகையும் என்று நினைக்கவில்லை.

நான் குறிப்பை மேற்கொண்டு வாசித்தேன். கடைசிக்கு முந்தின வரி.

"உப்பு: கையால். அம்மா போடுகிற மாதிரி, அப்பா பார்க்காத நேரத்தில்."

வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

யோசித்துப் பார். அப்பா அம்மாவுக்குக் கொடுத்த அந்த ஐந்து கிராம் ஸ்பூன், முத்திரை வைத்தது, அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அம்மா முப்பது வருஷமாக அவர் அந்தப் பக்கம் திரும்பினால் கையால் போடுகிறாள், இந்தப் பக்கம் திரும்பினால் ஸ்பூனைத் தொடுகிறாள். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அதைக் கொண்டுவந்து குறிப்பில் எழுதினால் நான் என்ன செய்வேன்? வாசித்தால் ஒரே நாளில் உன்னோடு சேர்த்து அம்மாவுக்கும் சோறு கிடையாது. எனவே அடுத்த வரிக்குத் தாவினேன். "புளித் தண்ணீர் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கவும்."

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா. உற்றுப் பார்த்தாள்.

"அவ்வளவுதாம்மா."

அப்பா தலையாட்டினார். "கறியிலயே உப்பு இருக்கும்."

இருந்தது. நீ சொன்ன பீன்ஸுக்குப் போதுமானது இருந்தது. நாங்கள் போட்டது இரண்டு பங்கு.

உட்கார்ந்தோம். மூன்று தட்டு. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். உப்பில்லாத பீன்ஸ் வாய்க்குள் ஒரு நல்ல மனிதரின் நீண்ட உரை மாதிரி இருக்கும். குறை சொல்ல முடியாது, முடியவும் செய்யாது. அப்பா ஒரு கரண்டி எடுத்தார். உன் பதினெட்டாம் தேதி, அந்தப் பக்கத்து முகாம், இரண்டு வருஷம், எல்லாம் அந்தக் கரண்டியில் இருந்தது. மென்றார். மெதுவாக. கரண்டியைக் கீழே வைத்தார்.

அப்பா வந்துவிட்டார். படியில் செருப்புச் சத்தம். இனி அவர் சொல்வது.

"எழுது. 'பொருள்: மேற்படி பீன்ஸ்.'"

எழுதிவிட்டேன்.

தாங்கள் அனுப்பிய சமையல் குறிப்பு இவ்விடம் பரிசீலிக்கப்பட்டது. அதில் கண்ட அளவுகள் எதுவும் சட்டப்படி செல்லத்தக்கவை அல்ல. ஹெல்மெட் அளவை அல்ல. முழம் ஒழிக்கப்பட்டுப் பல காலமாகிறது. பொன்னிறம் என்பது தரம் குறிப்பிடப்படாத சொல். மேற்படி குறைகளால் பீன்ஸ் தேவைக்கு இருமடங்காகவும், கறி தேவைக்கு மேல் கருகியும், ருசி ("ருசின்னு போடாத, சுவைன்னு போடு") சுவை சொல்லும்படியாக இல்லாமலும் அமைந்தது.

"அப்பா, தாங்கள்னா போடறது? அண்ணனுக்கா?"

"ஆபீஸ் கடிதம்னா அப்படித்தான்."

அம்மா உள்ளேயிருந்து: "அந்த ஆறு நாளைப் பத்திக் கேட்டிருக்கானே, அதுக்கு என்ன ஆபீஸ் பதில்?"

அப்பா ஜன்னல் பக்கம் போனார். வெளியே ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக் கொடியில் ஒரு நீளக்கைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"எழுது. 'லீவு பற்றி: இவ்விடமிருந்து யாரும் தங்களை அழைக்கவில்லை. தங்கள் இஷ்டம்.'"

"இஷ்டம்னா வரலாம்னா, வேண்டாம்னா?" என்றாள் அம்மா.

"இஷ்டம்னா இஷ்டம்."

எழுதினேன். அதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காது முதலில் சிவக்கும். அதனால் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக எழுதியிருக்கிறேன்.

ஆக விஷயம் இதுதான். சமையல் தோல்வி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டாம் தேதியைக் காலண்டரில் யாரும் வட்டம் போடவில்லை. வெறும் வயிற்றோடு தூங்காதே, பாறை விழுகிற பக்கம் போகாதே, குளிரில் காதை மூடு. அம்மா நெற்றியில் கைவைத்து வாழ்த்தச் சொன்னாள், கை எட்டாததால் காகிதத்தில் வைத்தாள். கீழே தெரிகிற எண்ணெய்க் கறை அதுதான்.

உன் தங்கை.

பின்குறிப்பு: அப்பா குளிக்கப் போயிருக்கிறார். மணி மூன்றே கால். விட்ட இடத்திலிருந்து.

கரண்டியைக் கீழே வைத்தார் இல்லையா. எழுந்து சமையலறைக்குப் போனார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். குழாய்ச் சத்தம் வரவில்லை. டப்பா மூடி திறக்கிற சத்தம் வந்தது. திரும்பி வந்தபோது வலது கை மூடியிருந்தது. பாத்திரத்துக்கு மேலே நீட்டி, விரலைத் திறந்தார். உப்பு. ஒரு பிடி. மறுபடி போய் வந்து இன்னொரு பாத்திரத்தில் இன்னொரு பிடி. கரண்டியால் கிளறிவிட்டார்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "என்னங்க இது. ஸ்பூன் அங்க தொங்குது."

"முப்பது வருஷமாத் தொங்குது. ஒரு நாளாவது நனஞ்சிருக்கா?"

அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்ன வேலை பாத்தேன்னு நெனச்சிட்டிருந்த?" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீயும்தான். கடைசிக்கு முந்தின வரியை விட்டுட்டு வாசிக்கிற. தாளைச் சனிக்கிழமையே பாத்துட்டேன். ரெண்டு பக்கமும்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னை விட்டீங்களா?" அம்மா திரும்பவும் எழுந்துவிட்டாள். "அப்போ அவனை மட்டும் எதுக்குங்க சொன்னீங்க?"

அப்பா உட்கார்ந்தார். தட்டில் புதிதாக எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ பதினொரு பேரு முன்னாடி போடலியே" என்றார். சாப்பிட்டார். சாசேஜை விரலால் தொட்டு நகர்த்திவிட்டு அதன் கீழே இருந்த சாற்றை முதலில் எடுத்தார், நீ செய்கிற மாதிரி. அல்லது நீ அவர் செய்கிற மாதிரி செய்துகொண்டிருந்தாயோ என்னவோ. மூன்று தடவை வாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை, யாரும் கேட்காமலே, "அந்த சர்வேயருக்கு நாக்கு இருக்கு. புளி சரியா விழுந்திருக்கு" என்றார். அப்புறம், "அவன் எல்லார் வீட்டையும் போட்டிருக்கான். நம்ம வீடு எதுன்னு தேடினேன். உப்புதான் போல." பிறகு என்னிடம், "இதையெல்லாம் எழுதிட்டிருக்காத."

எழுதிவிட்டேன்.

இன்னொன்று. முதல் வரியில் புகை என்று எழுதினேன். வேன்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தது, மறுநாள் நாலு மணிக்கு வேன் கிளம்பும் என்று சொல்லிவிட்டுப் போக. வாசலிலிருந்து பார்த்தால் உள்ளறை நேராகத் தெரியும். அப்போது அப்பா திறந்த அலமாரிக் கதவுக்கு எதிரில் நின்றிருந்தார், தோளில் சாசேஜ், கட்டைவிரல் உன் கோட்டின் மேல். அதுவரை நாங்கள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

அப்பா குளித்துவிட்டு வந்துவிட்டார். தலையில் துண்டோடு நிற்கிறார். கடிதத்தைக் காட்டச் சொல்லவில்லை. "ஒரு பாயிண்ட் விட்டுப்போச்சு" என்கிறார். அப்படியே எழுதுகிறேன்:

மேற்படி ஹெல்மெட்டை உடனடியாகச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டியுள்ளது. தபாலிலோ வேனிலோ பிறர் கையிலோ அனுப்பக் கூடாது. அளவையை உபயோகிப்பவர் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். கடைசித் தேதி பதினெட்டு. சரிபார்ப்புக்கு ஆறு நாள் ஆகும்.

"சரிபாத்து முத்திரை வெப்பீங்களாப்பா?"

"அளவு சரியா இருந்தா வெப்பேன்" என்றார். "சரியாத்தான் இருக்கும்."

வேன் ஹாரன் அடிக்கிறது. இன்னொரு தடவை அடிக்கட்டும். ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டியிருந்த உன் குறிப்பை எடுத்தேன். ஓரத்தில் சனிக்கிழமைக் கணக்கு இருந்தது. அதை அடித்துவிட்டு, அறுபதை நான்கால் வகுத்து எழுதி, பழைய இடத்திலேயே மாட்டினேன்.